திருமங்கலத்தில் ஒரு ஸ்ட்ராடிவேரியஸ்

எங்க ஊர் பேரைச் சொன்னா சென்னையில பாதிப் பேர் "அண்ணாநகர் பக்கத்துல இருக்கே, அதுவா?"னு கேப்பாங்க. மீதிப் பேர் 2009 இடைத்தேர்தல் ஃபார்முலாவை ஞாபகம் வச்சுக்கிட்டுக் கண்ணடிப்பாங்க. நான் சொல்றது மதுரையிலேர்ந்து விருதுநகர் போற ரோட்டுல இருக்கிற திருமங்கலம். மீனாட்சி கல்யாணத்துக்குத் தாலி செஞ்ச ஊர்னு நாங்க சொல்லிக்குவோம். இந்த ஊருக்கு இன்னொரு பெரிய பெருமை வந்து சேர இருந்துச்சு. ஜஸ்ட் மிஸ்ஸு. அந்தக் கொசுவத்தியைத்தான் இப்போ சுத்தப் போறேன்.

ஆபீஸ்ல மும்முரமா ஆணி புடுங்கிட்டிருந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மாமாகிட்டயிருந்து போன். மாமான்னா அம்மாவோட தம்பி.

"மாப்ள, ஸ்ட்ராடிவேரியஸ்னா என்னடா?"

திருமங்கலத்துல உரக்கடை வச்சிருக்கிற மனுஷன் கேக்கிற கேள்வியா இது? தாத்தா செத்துப் போய் நாலு வருஷம் கழிச்சுப் பரண் மேலேர்ந்து அவரோட வயலினை இறக்கியிருக்காங்க. மேல்பலகையில இருக்கிற எஃப் வடிவ ஓட்டை வழியா டார்ச் அடிச்சா உள்ள ஒரு பழுப்புக் காகிதம், அதுல இங்கிலீஷ் எழுத்து. மாமா பையன் அதை போட்டோ எடுத்து கூகுள்ல போட்டிருக்கான். 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ் க்ரெமோனென்சிஸ் ஃபேசியேபாட் அன்னோ 1721'. இத்தாலியில கிரெமோனாங்கிற ஊர்ல ஸ்ட்ராடிவேரி 1721-ல பண்ணினதுனு அர்த்தம். கூடவே கூகுள் ஒரு விலையும் காட்டிருச்சு. 'லேடி பிளன்ட்'ங்கிற ஸ்ட்ராடிவேரி வயலின் 2011-ல ஏலத்துல ஒண்ணரைக் கோடி டாலருக்கும் மேல போச்சு. அதுவும் 1721-தான்! மாமாவுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

இதை நான் காமெடியா எழுதுறேன், ஆனா வீட்டுல அது காமெடியா இல்ல. மாமாவுக்குக் கடைமேல கடன் இருந்துச்சு. தாத்தா வீட்டைப் பிரிக்கிற விஷயத்துல அவருக்கும் பெரியம்மாவுக்கும் மூணு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. இப்போ நடுவுல கோடிக்கணக்குல ஒரு மரப்பெட்டி. பெரியம்மா காதுக்குத் தகவல் போகறதுக்குள்ள வித்துரணும்னு மாமாவும், 'அப்பா சொத்துல எங்களுக்கும் பங்கு'னு பெரியம்மா மகனும் நிக்க ஆரம்பிச்சுட்டாங்க. மதுரையில ஒரு பழம்பொருள் வியாபாரி வேற, "நூறு வருஷத்துக்கு மேல இருக்கும் சார், வெளிநாட்டுப் பார்ட்டி இருக்கு, முதல்ல அம்பதாயிரம் செலவாகும்"னு தூண்டில் போட்டு வச்சிருந்தார். நான் இன்ஜினியரிங் படிச்சவன். அதனால வயலின், வாஷிங் மெஷின், வருமான வரி எல்லாம் எனக்குத் தெரியும்ங்கிறது எங்க குடும்பத்தோட நம்பிக்கை. "நீ வந்து பாத்துச் சொல்லு மாப்ள, நீ சொன்னா சரி."

சரின்னுட்டு ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன்.

முதல்ல தெரிஞ்சுக்கிட்டது, லேபிளை நம்பவே கூடாது. ஸ்ட்ராடிவேரி செத்தது 1737-ல. அவர் பண்ணினதுல இன்னிக்கு மிச்சம் இருக்கிறது எல்லா வாத்தியமும் சேர்த்து ஏறக்குறைய 650. ஆனா ஸ்ட்ராடிவேரி லேபிள் ஒட்டின வயலின் உலகம் பூரா லட்சக்கணக்குல கிடக்கு. அத்தனையும் ஃப்ராடானு கேட்டா, முழுசா அப்படிச் சொல்லவும் முடியாது. 19-ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியிலயும் பிரான்ஸ்லயும் கேட்லாக் போட்டு வயலின் வித்தாங்க. ஸ்ட்ராடிவேரி மாடல், அமாட்டி மாடல், ஸ்டைனர் மாடல்னு வகை. எந்த மாடலோ அந்த லேபிள். வாங்கினவனுக்கு அது காப்பினு தெரியும். அவன் பேரனுக்குத் தெரியாது. ரங்கநாதன் தெரு ரீபாக் ஷூவை 100 வருஷம் பரண்ல போட்டு வச்சா என்ன ஆகுமோ அதுதான்.

அப்போ எதை வச்சு ஊரைக் கண்டுபிடிக்கிறது? இதைத் தேடும்போதுதான் ஒரு டபுள் பாஸ் கதை கிடைச்சுது. பழைய தமிழ் சினிமா ஆர்கெஸ்ட்ரா போட்டோக்கள்ல கடைசி வரிசையில ஆளைவிட உசரமா ஒரு வயலினை நிறுத்தி வச்சு வாசிப்பாங்களே, அதுதான். வயலின் குடும்பத்துலயே ஊர் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டமானது இந்தப் பெரியண்ணன்தான். ஏன்னா வயலினை மாதிரி இதுக்கு ஒரே வடிவம் கிடையாது. ஒருத்தன் தோளைச் சரிச்சு வைப்பான், ஒருத்தன் வயலின் மாதிரி வளைப்பான். முதுகு ஒண்ணுல தட்டையா இருக்கும், இன்னொண்ணுல உப்பியிருக்கும். மூணு தந்தியில ஆரம்பிச்சது பின்னாடி நாலு தந்தி ஆகும்போது கழுத்தை மாத்துவாங்க, தலையை மாத்துவாங்க. தூக்கிட்டுப் போகக் கஷ்டமா இருக்குனு உடம்பையே வெட்டிச் சின்னதாக்கினதும் உண்டு. ஆக உடம்பு ஒரு ஊர், தலை ஒரு ஊர், லேபிள் மூணாவது ஊர்னு ஆகிப் போகும்.

செர்கே கூசெவிட்ஸ்கின்னு ஒருத்தர். ரஷ்யாவுல பொறந்து டபுள் பாஸ் வாசிச்சே பேர் வாங்கினவர், பின்னாடி 1924-லேர்ந்து 1949 வரை பாஸ்டன் சிம்ஃபனிக்குக் கண்டக்டர். அவர்கிட்ட ஒரு பாஸ் இருந்துச்சு. 1611-ல கிரெமோனாவுல அமாட்டி சகோதரர்கள் பண்ணினதுனு உலகமே நம்புச்சு. அவர் காலத்துக்கப்புறம் அவர் மனைவி அதை 1962-ல கேரி கார்ங்கிற இளம் கலைஞருக்குக் கொடுத்தாங்க. அவரும் பல வருஷம் உலகம் பூரா அதை வாசிச்சார். கடைசியில மரவளையத்தை எண்ணிப் பாத்தாங்க. மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். வருஷத்துக்கு ஒரு வளையம் விழும், மழையும் குளிரும் எப்படியோ அப்படி அகலம் மாறும். அந்த அகல வரிசையை ஏற்கனவே தேதி தெரிஞ்ச ஆல்ப்ஸ் மரங்களோட வரிசையில பொருத்திப் பாக்கணும். நம்ம பாஷையில சொன்னா ஸ்ட்ரிங் மேட்சிங். 2005-ல வந்த ஆய்வு முடிவு: கடைசி வளையம் 1761. அதாவது 1761-ல அந்த மரம் இன்னும் காட்டுல நின்னு வளந்துக்கிட்டு இருந்திருக்கு. 1611-ல பாஸ் எங்கிருந்து வரும்? உலகத்துல பெரிய காதுகள் எல்லாம் கேட்டு மயங்கின வாத்தியத்துக்கே 150 வருஷக் கணக்கு இடிக்குதுன்னா, எங்க மாமா எம்மாத்திரம்.

சனிக்கிழமை காலையில திருமங்கலத்துல இறங்கினேன். ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு, போன்ல மாட்டுற எண்டோஸ்கோப் கேமரா ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். பைப் அடைப்புப் பாக்கிறதுக்கு விக்கிறது. அஞ்சரை மில்லிமீட்டர் தலை, நுனியில லைட். வயலின் டாக்டர் ரெடி :-)

மாமா முதல்ல குடும்பக் கதையைச் சொன்னார். திருமங்கலத்துல அமெரிக்கன் மிஷன் துரை ஒருத்தர் இருந்தாராம். அவர் வீட்டுல தாத்தாவோட தாத்தா சமையல் வேலை பாத்தாராம். துரை ஊருக்குத் திரும்பும்போது ஞாபகமா இதைக் கொடுத்துட்டுப் போனாராம். கதை முழுப் பொய்யுனு ஒதுக்க முடியாது. ஊர்ல மிஷன் இருந்தது நிஜம். இன்னிக்கு மதுரையில இருக்கிற அமெரிக்கன் கல்லூரிக்கு மூலமான செமினரி 1842-ல எங்க திருமங்கலத்துலதான் ஆரம்பிச்சது, 1845-ல பசுமலைக்குப் போச்சு. (எங்க ஊர்க்காரங்களுக்கே இது தெரியாது, தெரிஞ்சா ஒரு வளைவு வச்சிருப்பாங்க.) ஆனா எங்க தாத்தா 1930-கள்ல பொறந்தவர். ஒரு தலைமுறைக்கு முப்பது வருஷம்னு வச்சுக்கிட்டாலும் அவரோட தாத்தா 1842-ல பொறந்திருக்கவே மாட்டார். சரி, மிஷன் அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் இருந்துச்சே, பின்னாடி வந்த ஏதோ ஒரு துரையா இருக்கலாம்னு மாமா சமாளிச்சார்.

இங்க ஒரு விஷயம். வயலின் நம்ம ஊருக்கு வர துரை யாரும் தானம் பண்ணத் தேவையே இல்ல. முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் மெட்ராஸ்ல வெள்ளைக்காரப் பிடில்காரர்கிட்ட கத்துக்கிட்டு, கர்நாடக சங்கீதத்தை அதுல வாசிக்க ஆரம்பிச்சது 1800-ஐ ஒட்டின வருஷங்கள்ல. அவர் பின்னாடி எட்டயபுரம் சமஸ்தான வித்வானா இருந்தார். எட்டயபுரம் எங்க ஊர்லேர்ந்து கோவில்பட்டி ரோட்டைப் பிடிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிரலாம். தஞ்சை நால்வர்ல கடைசித் தம்பி வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் தந்தத்துல செஞ்ச வயலின் பரிசா கொடுத்தது 1834. மெட்ராஸ்ல மிஸ்குவித் கம்பெனி, பின்னாடி மியூசி மியூசிக்கல்னு ஆனது, 1842-லேயே கடை போட்டுருச்சு. மதுரையில எம்.எஸ். சுப்புலட்சுமியோட பாட்டி அக்கம்மாளே வயலின் வாசிச்சவங்க. அப்புறம் கர்நாடகக் கச்சேரி, நாடகக் கொட்டகை, மௌனப் படம் ஓடுற கொட்டகை, சர்ச்னு எங்க பாத்தாலும் வயலின். இத்தனை பேருக்கும் கிரெமோனாவுலேர்ந்தா வந்திருக்கும்? கப்பல்ல டஜன் கணக்குல வந்த சரக்குதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். தந்தியைத் தளர்த்திட்டுக் கேமராவை எஃப் ஓட்டை வழியா இறக்கினேன். மாமா, அத்தை, மாமா பையன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் போன் ஸ்கிரீனையே பாக்கிறாங்க. ஸ்கேன் சென்டர்ல புள்ளைத்தாச்சி வயித்தைப் பாக்கிற மாதிரி ஒரு அமைதி.

கிரெமோனாக்காரங்க ஒரு அச்சுக்கட்டையைச் சுத்திப் பக்கப் பலகையை வளைப்பாங்க. அதனால நாலு மூலையிலயும் உள்ள ஒழுங்கா ஒவ்வொரு மரக்கட்டை இருக்கும். ஜெர்மன், பொஹீமியா பக்கம் மலிவு வயலின் பண்ணினவங்க பலரும் அச்சு இல்லாம அடிப்பலகை மேலேயே நேரா பக்கத்தை ஒட்டிருவாங்க. மூலைக்கட்டை இருக்காது, இல்லேன்னா கண்ணுக்குத் தெரியறதுக்கு மட்டும் ஒரு சில்லு இருக்கும். எங்க வயலின்ல நாலு மூலையும் காலி. ரெண்டு பக்கப் பலகையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது, அவ்வளவுதான். அடுத்து பாஸ் பார். மேல்பலகைக்கு அடியில தடித்த தந்திப் பக்கமா நீளமா ஓடுற கட்டை. அதைத் தனியா செதுக்கி ஒட்டணும். இதுல பலகையைக் குடையும்போதே அந்த இடத்தை மட்டும் குடையாம விட்டுட்டாங்க. வேலை மிச்சம், நேரம் மிச்சம். உள்பக்கம் உளித் தழும்பு அப்படியே இருந்துச்சு. வெளியில பாலிஷ், உள்ள இப்படி. பெரிய புராஜெக்ட்ல டெமோ ஸ்கிரீனை மட்டும் அழகா பண்ணிட்டுப் பின்னாடி கோடை யாரும் பாக்க மாட்டாங்கன்னு விடுவோமே, அதே டெக்னிக். தலைச் சுருளைத் திருப்பிப் பாத்தேன். நடுவுல ஓடுற பள்ளம் அடியில கடைசி வரைக்கும் போகாம பாதியில நின்னு போச்சு. அதுவும் அந்தப் பக்கத்து அவசர வேலைக்கு அடையாளம்.

அப்புறம்தான் லேபிள். டார்ச்சுல இவங்களுக்குத் தெரிஞ்சது மேல ரெண்டு வரி மட்டும். கீழ அழுக்கும் ரோசினப் பொடியும் அப்பி, ஓரத்தை இராமபாணப் பூச்சி வேற தின்னிருந்துச்சு. தாத்தா எப்பவோ சொன்ன வைத்தியம் மாமாவுக்கு ஞாபகம் வந்துச்சு. ஒரு பிடி அரிசியை உள்ள போட்டு மெதுவா குலுக்கிக் கொட்டினா அழுக்கெல்லாம் அதோட வந்துரும். பண்ணினோம். அரிசி கறுப்பா வந்துச்சு. மறுபடி கேமரா. ஸ்ட்ராடிவேரியஸ் பேருக்குக் கீழ பொடி எழுத்துல இன்னொரு வரி.

மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா.

மாமா பையன் சத்தமா வாசிச்சான். யாருக்கும் ஒண்ணும் புரியல. "அது இத்தாலியிலயா இருக்கு?"ன்னார் பக்கத்து வீட்டுக்காரர்.

செக்கோஸ்லோவாக்கியாங்கிற நாடு பொறந்ததே 1918 அக்டோபர் 28-ல. 1737-ல செத்தவர் 1918-ல பொறந்த நாட்டுல உக்காந்து 1721-ல வயலின் பண்ணியிருக்கார். டைம் டிராவல் பண்ணினாத்தான் உண்டு. சரக்குல நாட்டுப் பேரைப் போடச் சொல்லிப் பிரிட்டன்காரன் 1887-லயும் அமெரிக்காக்காரன் 1890-லயும் சட்டம் போட்டதால வந்த வரி அது. அந்த நாடும் 1992 கடைசியோட ரெண்டா உடைஞ்சு போச்சு. ஆக லேபிள்ல இருக்கிற ஆளும் இல்ல, நாடும் இல்ல.

ஆனா ஊர் இருக்கு. செக்கோஸ்லோவாக்கியான்னு எழுதின மலிவு வயலின்னா பெரும்பாலும் ஷோன்பாக்ங்கிற ஊரும் அதைச் சுத்தின கிராமங்களும்தான். இப்போ செக் நாட்டுல லூபினு பேரு. எல்லை தாண்டினா ஜெர்மனியில மார்க்நியூகிர்ஷன். பொஹீமியாவுலேர்ந்து மதத்துக்காக ஓடிப்போன வயலின் ஆசாரிகள் 12 பேர் 1677-ல அங்க சங்கம் வச்சாங்க. 19-ஆம் நூற்றாண்டு முடியறப்போ அங்கேர்ந்து அமெரிக்காவுக்குப் போன சரக்கு எவ்வளவுன்னா, அந்தக் குட்டி ஊருக்குன்னே அமெரிக்கா 1893-லேர்ந்து 1916 வரை ஒரு தூதரக ஆபீஸ் வச்சிருந்துச்சு. ஷோன்பாக்ல வீட்டுக்கு வீடு வேலை. ஒரு வீட்டுல தலைச்சுருள் மட்டும், ஒரு வீட்டுல அடிப்பலகை மட்டும், இன்னொரு வீட்டுல பக்கப் பலகை. எல்லாத்தையும் மூட்டை கட்டி வியாபாரிகிட்டக் கொண்டு போய்ப் போடணும். அவன் பீஸுக்கு இவ்வளவுனு கொடுப்பான். பங்களா கட்டினது வியாபாரி. சிவகாசியில வீட்டுல உக்காந்து தீப்பெட்டி ஒட்டின கதை தெரிஞ்ச நமக்கு இதைத் தனியா விளக்கணுமா? லேபிள்ல ஸ்ட்ராடிவேரி பேர் வந்துச்சே தவிர, செதுக்கினவன் பேர் ஒருத்தனோடதும் வரல. எனக்கு இதுதான் இந்த விஷயத்துலயே ரொம்ப உறுத்தினது. போலி லேபிள்ல ஏமாந்தவன் எங்க மாமா மட்டும் இல்ல.

அவங்க கதை அதோட முடியல. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் ஜெர்மன் பேசினவங்களை எல்லாம் செக்கோஸ்லோவாக்கியா வெளியேத்துச்சு. ஷோன்பாக் ஆசாரிகளும் மூட்டை கட்ட வேண்டியதாச்சு. 1949-லேர்ந்து அவங்கள்ல பல பேர் பவேரியாவுல பூபன்ராய்ட்ங்கிற ஊர்ல குடியேறிப் பட்டறை போட்டாங்க. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி வயலின் மாதிரி ஒரு பாஸ் கிட்டார் வச்சிருப்பாரே, அதைப் பண்ணின ஹாஃப்னர் கம்பெனியும் 1887-ல ஷோன்பாக்ல ஆரம்பிச்சதுதான். ஒரு வகையில எங்க தாத்தா வயலினுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. இதைச் சொன்னா மாமாவுக்கு ஆறுதலா இருக்கும்னு நினைச்சேன். "யாரு அவரு?"ன்னார்.

மாமா கொஞ்ச நேரம் பேசல. அத்தை காபி கொண்டு வந்து வச்சாங்க. "அப்ப எவ்வளவுதான்டா போகும்?" ஒரு பழைய பைக் விலைக்கு மேல தேறாது மாமான்னேன். அவர் வாசலுக்குப் போய் நின்னுக்கிட்டார். அந்த முதுகைப் பாத்தப்போ, நான் வராமலே இருந்திருக்கலாமோனு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா அம்பதாயிரத்தை அந்த வியாபாரிகிட்டக் கொடுத்திருந்தா இன்னும் மோசம்.

சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கோடி இல்லைனு சொல்லணுமே. கேட்டுட்டுச் சிரிச்சாங்க.

"அது நாடகக் கம்பெனிக்காரர்கிட்ட எங்க தாத்தா வாங்கினதுல்லடா. கம்பெனி நொடிச்சுப் போயி இங்க தங்கியிருந்தப்ப அரிசிக் கடை பாக்கிக்கு அதைக் கொடுத்துட்டுப் போனாராம். அப்பா சின்னப் புள்ளையில அவர்கிட்டயே நாலு பாட்டு கத்துக்கிட்டாராம். எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்காரு."

"ஏன் பெரியம்மா இதை முன்னாடியே சொல்லல?"

"யாருடா என்னைக் கேட்டீங்க?"

எண்டோஸ்கோப், மரவளையம், பொஹீமியா எல்லாம் சுத்திட்டு வந்தவனுக்கு ரெண்டு தெரு தள்ளி விடை இருந்திருக்கு. அவங்க சொன்னது காலக் கணக்குக்கும் பொருந்துது. மதுரை அப்போ நாடகக் கம்பெனிகளோட ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பிச்சதும் 1918-லதான், செக்கோஸ்லோவாக்கியா பொறந்த அதே வருஷம். பேசும் படம் வந்தப்புறம் 1930-கள்ல கம்பெனிகள் ஒவ்வொண்ணா படுத்துச்சு.

பெரியம்மாவைக் கையோட மாமா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். வயலினைப் பாக்கணும்னாங்க. மாமா ஒண்ணும் சொல்லாம எடுத்துக் கையில கொடுத்தார். மூணு வருஷத்துல முதல் தடவை. அவங்க எஃப் ஓட்டையையோ லேபிளையோ பாக்கல. நேரா தலைச் சுருளைப் பிடிச்சாங்க. அதுல ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் சுத்தமா போயி, மரம் வழவழன்னு வெளுத்து இருந்துச்சு. காலையில நானும் அதைப் பாத்தேன், ஏதோ உரசலாக்கும்னு விட்டுட்டேன். ஐரோப்பாவுல தாடையில வச்சு நின்னு வாசிக்கிற வயலின்ல சுருள் காத்துல இருக்கும், அந்த இடம் தேயாது. நம்ம ஆளுங்க தரையில உக்காந்து வலது காலை நீட்டிச் சுருளைக் கணுக்கால்ல ஊணி வாசிப்பாங்க.

"இங்கதான் அப்பா கால் படும்"னாங்க பெரியம்மா.

மாமா வந்து பக்கத்துல உக்காந்தார். வீட்டு விஷயம் இன்னும் தீரல, கடனும் இருக்கு. வயலின் இப்போ பெரியம்மா வீட்டுல, அவங்க பேத்தி மதுரைக்குக் கிளாசுக்குப் போறா. மூணு தந்தி புதுசா மாத்தியாச்சு, ஒரு பிருடை மட்டும் நிக்காம வழுக்குது. அதுக்கு நல்ல ஆசாரி மதுரையில யாராவது தெரிஞ்சா சொல்லுங்க மக்களே.